வெண்சங்கில் நான்கு சாயங்காலங்கள்

எங்கள் சம்பந்தி வீட்டார் இந்த விஷயத்தை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோபியில் மூன்று தலைமுறையாக அரிசி ஆலை நடத்தும் குடும்பத்தின் மூத்தவன், நாச்சிமுத்து ஆகிய நான், கப்பலில் ஓர் ஒளிப்பொம்மையோடு சண்டைக்குப் போனேனாம். நானூறு பேர் முன்னால் அது என் வாயை அடைத்துவிட்டதாம். கல்யாண வீடுகளில் இதுதான் பேச்சு. நான் யாரோடும் சண்டை போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

சம்பந்தி சுப்பராயன் என் மருமகள் யாழினியின் அப்பா. போன தை மாதம் அவர் ‘வெண்சங்கு’ என்ற உல்லாசக் கப்பலில் சென்னையிலிருந்து அந்தமான் போய்வந்தார். அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும் அதே பேச்சுத்தான். சாப்பாட்டைப் பற்றியோ கடலைப் பற்றியோ அல்ல, சாயங்கால நிகழ்ச்சியைப் பற்றி. முன்பெல்லாம் கப்பலில் சாயங்காலம் என்றால் புறா எடுக்கும் மந்திரவாதி, பின்னணி இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடும் ஒரு பெண், அப்புறம் எண் கூப்பிட்டு விளையாடும் தம்போலா, அவ்வளவுதான். இந்தக் கப்பலில் அப்படி இல்லை, மாறன் என்று ஒருவன் வருகிறான், அவன் நம் மனசுக்குள் இருப்பதையே எடுத்துப் பேசுகிறான் என்பார் சுப்பராயன். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் பார்க்காததை அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்ற அந்தப் பார்வையை நான் எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு என் மகன் பூபதியைக் கூப்பிட்டு, எங்கள் நான்கு பேருக்கும் என் பெயரிலேயே டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

படிவங்கள் எல்லாவற்றையும் நானே பூர்த்தி செய்தேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். என் மனைவி கலாமணிக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘பக்திப் பாடல்’ என்று எழுதினேன்.

கப்பலின் அரங்கு பெரியது. நானூறு இருக்கைகள். ஒவ்வொரு இருக்கையின் கைப்பிடியிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். கையை அதன்மேல் வைத்துக்கொண்டால், நிகழ்ச்சி நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று கப்பலுக்குத் தெரிந்துவிடும் என்று யாழினி விளக்கினாள். நாடித் துடிப்பு, வியர்வை, விரல் நடுக்கம் எல்லாவற்றையும் அது படித்துவிடுமாம். என் கையைப் படித்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு நானும் வைத்தேன்.

மாறன் வந்தது. நான் ‘அது’ என்றுதான் எழுதுவேன். முப்பது வயது ஆள் மாதிரி வெள்ளைச் சட்டை, வேட்டி, படிய வாரிய தலை. எல்லாம் வெளிச்சத்தால் ஆனது. மேடையை விட்டு இறங்கி இருக்கைகளுக்கு நடுவே நடக்கும். நிழல் மட்டும் விழாது. முதல் சாயங்காலம் அது பல சரக்குகளை அவிழ்த்துப் பார்த்தது. கொஞ்சம் சீட்டு வித்தை, கொஞ்சம் அரசியல் கிண்டல், இரண்டு பழைய பாட்டு, ஒரு பக்திப் பாட்டு. எதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சுப்பராயனின் ரசனை இவ்வளவுதான் என்று எனக்குள் ஒரு திருப்திகூட வந்தது. அதன்பிறகு அது வீட்டுச் சத்தங்களைக் குரலிலேயே செய்து காட்டியது. ஈர மாவில் சிக்கிய கிரைண்டர், கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டர், பேரன் தூங்கும்போது விசில் அடிக்கும் குக்கர்.

எனக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. யார் இது, இவ்வளவு அடக்கமில்லாமல் என்று திரும்பினேன். கலாமணி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாறன் அதைப் பார்த்துவிட்டது. மீதி நேரம் முழுவதும் எங்கள் வரிசைப் பக்கம்தான் நின்றது.

அறைக்குத் திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். நாற்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். ஆலைக்கு வருகிற மந்திரிகளையே நான் பேசிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இவளுக்கு என் பேச்சில் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை.

இரண்டாம் நாள் இருக்கையை மாற்றினேன். நடைபாதை ஓரத்தில் இருந்தவளை எனக்கும் யாழினிக்கும் நடுவே உட்காரவைத்தேன். வெளி ஆட்கள் பக்கத்தில் நம் வீட்டுப் பெண்களை உட்காரவைக்காதது எங்கள் பழக்கம் என்று பூபதியிடம் காரணம் சொன்னேன். வெளி ஆள் எங்கே இருக்கிறது, அது வெறும் வெளிச்சம்தானே என்று அவன் சிரித்தான். மாறன் மேடையிலிருந்து நேராக இறங்கி, எங்கள் வரிசையின் முன்னால் வந்து நின்று, என்னைத் தாண்டிக் குனிந்தது.

“அம்மா, உங்க பேரு என்ன?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “தெய்வானை” என்றாள்.

இதை விளக்க வேண்டும். தெய்வானை என்பது என் தாயாரின் பெயர். மருமகளாக வந்தவளுக்கும் அதே பெயர். மாமியார் பெயரை வீட்டில் வைத்து ஏவவும் திட்டவும் முடியாது என்பதால், தாலி கட்டிய மறுநாளே அவளுக்குக் கலாமணி என்று பெயர் வைத்தோம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் செய்ததுதான். ரேஷன் அட்டையிலும் அந்தப் பெயர்தான். என் தாயார் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. இன்றுவரை அவள் பழைய பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது நானூறு பேர் நடுவில் ஒரு வெளிச்சத்திடம் சொல்கிறாள். அது “தெய்வானையம்மா, தெய்வானையம்மா” என்று ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை கூப்பிட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் “சொல்லு தம்பி” என்றாள்.

யாழினிக்கு அன்றுதான் தன் அத்தையின் பெயர் தெரிந்தது. “ஏனுங்க அத்தை, எங்கிட்டக்கூடச் சொல்லவே இல்லீங்களே” என்று கேட்டாள்.

“நீ கேக்கலையே கண்ணு” என்றாள் அவள்.

மூன்றாம் சாயங்காலம் நடந்ததுதான் என்னைச் செயலில் இறக்கியது. மாறன் அவளிடம், நீங்களும் ஒரு குரல் செய்து காட்டுங்கள் என்று கேட்டது. அவள் மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் மேடையில் நின்றதில்லை. அவள் எழுந்து நிற்கவில்லைதான். உட்கார்ந்தபடியே, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுத் தலைவர் உள்ளே வருவதைக் குரலிலேயே செய்தாள். செருப்பு விழும் சத்தம். மூன்று அடி. பிறகு தொண்டையை ஒரு செருமல். கீழே தொடங்கி, நடுவில் ஒரு முறை வெட்டி, மேலே ஏறி முடிகிற செருமல்.

என் செருமல்.

அரங்கமே வெடித்தது. எல்லோரும் தங்கள் வீட்டு அப்பாவை நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். பூபதி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். என் மகன்! மாறன் இரண்டு கைகளையும் கூப்பி, “தெய்வானையம்மா, இதுக்குமேல நான் என்ன பண்றது” என்று அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டது. அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணப் போட்டோவில் பார்த்ததில்லை.

இவளுக்கு இது எங்கிருந்து வந்தது? எத்தனை வருஷமாக அந்தச் செருமலைத் தனியாகச் செய்து பழகியிருக்கிறாள்? யாரிடம் செய்து காட்டினாள்? மூன்று நாளில் ஒரு பொம்மைக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? அறையில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதையே நினைத்தேன். அவள் நன்றாகத் தூங்கினாள்.

நான்காம் நாள் காலை நிகழ்ச்சி மேலாளரைப் பார்க்கப் போனேன். பர்னாந்து என்று பெயர், தூத்துக்குடிக்காரர். மரியாதை தெரிந்த மனிதர். காபி வரவழைத்தார். உங்கள் பொம்மை என் மனைவியிடம் அளவுக்கு மீறிப் பேசுகிறது, குடும்பப் பெண்ணை ஊர் பார்க்கச் சிரிக்க வைக்கிறது, நிறுத்துங்கள் என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஆரம்பத்தில் மாறன் அரங்கத்தின் சராசரியைப் பார்த்துத்தான் நடந்துகொண்டது. முந்நூற்று எண்பது பேர் மகிழ்ந்தால் போதும். ஆனால் மனம் நிறையாமல் எழுந்துபோகிற அந்த இருபது பேர் பக்கத்தில் இருப்பவர்களையும் கெடுத்தார்கள். நிகழ்ச்சி சுமார் என்ற பெயர் அவர்களால்தான் வந்தது. அதனால் விதியை மாற்றினார்கள்.

“இப்ப மாறன் மத்த யாரையும் பாக்காது ஐயா. அரங்குல யாரு மனசு எல்லாத்தையும் விடக் கீழ கிடக்கோ, அந்த ஒரு ஆளுக்காகத்தான் பேசும். அந்த ஆள் சிரிச்சா மத்தவங்க தானா சிரிப்பாங்கன்னு கண்டுபிடிச்சோம்.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஆள் நான்தான். மூன்று நாளாக அசையாமல் உட்கார்ந்திருப்பவன் நான். என்னை அசைக்க முடியாமல், என் பக்கத்தில் இருப்பவளை வைத்து வழி தேடுகிறது. இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க இல்ல ஐயா. நீங்க நடுவுல இருக்கீங்க. நானூறுல நூத்தி எழுபது. சாதாரணமா ரசிச்சிருக்கீங்க.”

“அப்ப யாரு?”

அதைச் சொல்லக் கூடாது என்றார். என் குடும்ப விஷயம் என்றேன். வெகுநேரம் வாதாடிய பிறகு, உங்கள் மனைவியின் கை என்றார்.

நான் சிரித்தேன். அந்த அரங்கிலேயே உரக்கச் சிரிப்பவள் அவள். இருக்கை மாறியிருக்கும், கருவி பழுதாகியிருக்கும் என்றேன். நாங்கள் இடம் மாறி உட்கார்ந்த அன்றும் கருவி சரியாக அவளைத்தான் காட்டியது என்றார் அவர். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நிகழ்ச்சி முடியும்போது அம்மா நல்லா மேல ஏறிருதாங்க ஐயா. எல்லாரையும் விட மேல. மறுநாள் வந்து உக்காரும்போது திரும்பவும் கடைசில கிடக்காங்க. மூணு நாளும் இப்படித்தான். நடுவுல இருக்க இருபத்து மூணு மணி நேரத்துல என்ன நடக்குன்னு எங்களுக்குத் தெரியாது.”

நான் காபியைக் கீழே வைத்தேன். அந்த இருபத்து மூன்று மணி நேரமும் அவள் என்னோடுதான் இருந்தாள்.

இதை வெளியில் யாரும் அறியக் கூடாது என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. நானூறு பேரில் மனம் மிகக் கீழே கிடப்பவள் என் வீட்டுப் பெண் என்று சுப்பராயனுக்குத் தெரிந்தால்? நிறுத்துவதற்கு வழி உண்டா என்று கேட்டேன். உண்டு. டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டால், அந்தக் குடும்பத்தில் யாருடைய கைப்பிடியையும் நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினால் மாறன் அவரைப் பற்றித் தெரிந்துகொண்ட எல்லாம் அழிந்துவிடும், திரும்ப வராது, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார் பர்னாந்து. கேட்கத் தேவையில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உங்களுடையதையும் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நூற்று எழுபதாவது ஆளுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

நான் சொல்வதற்கு முன்பே அறைத் திரையில் அவளுக்குச் செய்தி வந்துவிட்டது. திரு. நாச்சிமுத்து அவர்களின் வேண்டுகோளின்படி என்று தொடங்கி நான்கு வரி. இரண்டு தடவை படித்தாள். மாறன் எந்த விதிப்படி பேசுகிறது, யாருக்காகப் பேசுகிறது என்று முதல் நாளே யாழினி அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். தன் மனசு அந்த வரிசையில் எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

“என்னக் கேக்காமயேங்களா?”

குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது என்றேன். அவள் சேலை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

“அந்த ஒரு மணி நேரந்தானுங்க எனக்குன்னு இருக்கற நேரம். மீதியெல்லாம் உங்களுதுதானே. அதையுமுங்களா?”

ஒரு வெளிச்சத்துக்காக என்னிடம் கணக்குக் கேட்கிறாள். இன்று சாயங்காலம் நீ வரவேண்டாம் என்றேன். வருகிறேன் என்றாள். மாம்பழ நிறப் பட்டு கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து அரங்கத்துக்குப் போனாள்.

மாறன் வந்தது. வணக்கம் சொல்லி, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தது. எங்கள் வரிசை வந்தபோது அவள் லேசாக முன்னால் சாய்ந்தாள். அதன் பார்வை அவளைக் கடந்துபோயிற்று. தெரியாதவரைக் கடந்துபோவதைப் போல. அவள் கொஞ்ச நேரம் அப்படியே சாய்ந்தபடி இருந்தாள். பிறகு இருக்கையில் பின்னால் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. இனி புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியோ வேலை போன ஒருவனோ அதன் கண்ணில் படுவார், அவர் வரிசைக்குப் போய்விடும் என்று காத்திருந்தேன். அது திரும்பியது. நடைபாதையில் இறங்கியது. எங்கள் வரிசைக்கு வந்து, என் முன்னால் நின்றது.

“ஐயா, வணக்கம்” என்றது, என்னிடம்.

பூபதியும் யாழினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் விதி தெரியும். அரங்கத்தில் பலருக்கும் தெரியும் என்று அப்போதுதான் உணர்ந்தேன். முன்வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பரிதாபம்! என் கையை எடுத்துவிட நினைத்தேன். எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அது எனக்காகப் பேசியது. ஆலை, நெல், தேர்தல், பழைய கார், கிரிக்கெட். பேச்சு மோசமில்லை. அரங்கம் நன்றாகச் சிரித்தது. எனக்குள் எதுவும் நகரவில்லை. அது என்னைக் கூர்ந்து பார்த்தது. என் கண் எங்கே போகிறது என்று பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. என் உள்ளங்கைக்குக் கீழே கண்ணாடிச் சில்லு சூடாக இருப்பதுபோல் இருந்தது.

“இவங்க உங்க வீட்டம்மாங்களா ஐயா?”

ஆம் என்று தலையசைத்தேன்.

“இவங்களைப் பாக்கறப்பதான் உங்க கையில ஏதோ நடக்குது. இவங்க சிரிச்சா நீங்க சரியாயிருவீங்கன்னு எனக்குத் தோணுது. ஆனா இவங்களை எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்களேன். இவங்க எதுக்குச் சிரிப்பாங்க?”

எனக்கு ஒன்று தெரியும். அதனிடமிருந்தே தெரிந்துகொண்டது. அதை அதற்கே எடுத்துக் கொடுப்பதா என்று ஒரு நொடி யோசித்தேன். அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தேன்.

“சத்தம் செஞ்சு காட்டுனா சிரிப்பா” என்றேன்.

மாறன் உடனே செய்தது. கிரைண்டர், ஸ்கூட்டர், குக்கர். முதல் நாளைவிட நன்றாகவே செய்தது. நானூறு பேரும் கைதட்டினார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கோபமாக இல்லை. ரயில் நிலையத்தில் வேறு யாருடைய வண்டியோ வந்து நிற்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அதுக்கு இல்லீங்களே ஐயா” என்றது மாறன். அதன் குரலில் கிண்டல் இல்லை. “வேற எதுக்குச் சிரிப்பாங்க?”

நான் தேடினேன். நாற்பத்தாறு வருஷத்தையும் தேடினேன். அவள் சிரிப்பை நான் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. கேட்டிருக்கிறேன். அடுப்படியில், மாடியில், பக்கத்து வீட்டுச் சுவரோரம். எப்போதும் அடுத்த அறையிலிருந்துதான். எதற்கு என்று நான் விசாரித்ததில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டாள் என்று பார்க்காமலே தெரிந்தது.

எந்தச் சபையிலும் நான் சொல்லாத வார்த்தை அது.

“எனக்குத் தெரியல” என்றேன்.

நல்ல பகடி என்று நினைத்து அரங்கம் சிரித்தது. இரண்டு பக்கமிருந்தும், பின்னாலிருந்தும், அலை மாதிரி வந்தது. மாறன் மட்டும் சிரிக்காமல், என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. அவளும் சிரித்தாள் என்று, அன்று அங்கே இல்லாத சுப்பராயன் சொல்லித் திரிகிறார். இல்லை, எழுந்துபோய்விட்டாள் என்று அவர் தம்பி சொல்கிறார். எனக்குத் தெரியாது. நான் முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.